குளிர்பெட்டியிற் சுருட்டு: மூடிய இடத்தில் ஈரப்பதத்தை நிலைநிறுத்தும் முறை

மழைக்காலத்தில் உப்புச் சாடியில் நீர் கசிகிறது. கோடையில் மரக் கதவின் பலகைகள் சுருங்கி இடைவெளி காட்டுகின்றன. எல்லா இல்லங்களிலும் காணப்படும் இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் காரணம் ஒன்றே. காற்றிலுள்ள நீராவியைச் சில பொருள்கள் ஏற்கின்றன. காற்று வறண்டபோது தம்மிடமுள்ள நீரை அதற்குத் திருப்பி விடுகின்றன. விதை, தானியம், காகிதம், ஓலைச்சுவடி, தோல், மரம், புகையிலை ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றை நெடுநாள் பாதுகாக்க விரும்புவோர் வெப்பத்தை மட்டுமன்றி ஈரத்தையும் ஆளக் கற்றல் வேண்டும்.

இதற்கு ஏற்றதோர் எடுத்துக்காட்டு அண்மைக் காலத்தில் கிடைத்துள்ளது. திராட்சை மதுப் புட்டிகளை வைப்பதற்கென்று செய்யப்பட்ட சிறு குளிர்பெட்டியை விலையுயர்ந்த சுருட்டுகளை வைக்கும் பெட்டியாக மாற்றும் வழக்கம் பல நாடுகளில் பரவியிருக்கிறது. இவ்வாறு மாற்றியோர் பலர் ஒரே வகையான ஏமாற்றத்தை அடைந்திருக்கின்றனர். முதல் சில வாரங்களிற் சுருட்டுகள் காய்ந்து மேலிலை வெடிக்கிறது. காய்கின்றன என்று கருதி ஒரு கிண்ணம் நீரை உள்ளே வைத்தால், அடுத்த சில வாரங்களில் வெண்பூசணம் படர்கிறது. ஒரே பெட்டியில் மேல்தட்டுச் சுருட்டு காய்ந்தும், கீழ்த்தட்டுச் சுருட்டு பூசணம் பூத்தும் இருப்பதுண்டு. இந்த முரண்பாட்டின் காரணத்தை அறிந்தவர்க்கு விதைப் பெட்டி, ஆய்வுக்கூட மாதிரிகள், நுண்ணோக்கியின் வில்லைகள் ஆகியவற்றைப் பாதுகாக்கும் வழியும் விளங்கிவிடும்.

சுருட்டுப் புகைத்தல் உடலுக்குத் தீங்கு தருவது என்பதில் ஐயமில்லை. இக்கட்டுரை அப்பழக்கத்தைப் பரிந்துரைப்பதன்று. வணிகப் பொருளாகிய ஓர் இலையைக் கொண்டு ஈரப்பதத்தின் இயல்பை விளக்குவதே இதன் நோக்கம்.

ஒப்பு ஈரப்பதம்

குறிப்பிட்ட உஷ்ணநிலையில் ஒரு கன மீட்டர் இடம் ஓர் அளவுக்கு மேல் நீராவியைத் தாங்காது. அந்த எல்லையை அடைந்த காற்றைத் தெவிட்டிய காற்று என்கிறோம். உஷ்ணநிலை உயர உயர இவ்வெல்லை விரைந்து உயர்கிறது.

10 டிகிரி சென்டிகிரேடில் 9.4 கிராம்
15 டிகிரியில் 12.8 கிராம்
18 டிகிரியில் 15.4 கிராம்
20 டிகிரியில் 17.3 கிராம்
25 டிகிரியில் 23.0 கிராம்
30 டிகிரியில் 30.4 கிராம்
40 டிகிரியில் 51.1 கிராம்

காற்றில் உள்ளபடி இருக்கும் நீராவி, அதே உஷ்ணநிலையில் இருக்கக்கூடிய மிகுதியான நீராவியில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதே ஒப்பு ஈரப்பதம். பொருள்கள் ஈரத்தை ஏற்பதும் விடுவதும் இந்த விகிதத்தைப் பொறுத்தவை. காற்றிலுள்ள நீராவியின் எடையைப் பொறுத்தவை அல்ல.

தில்லியில் மே மாதப் பிற்பகலில் உஷ்ணநிலை 40 டிகிரி, ஒப்பு ஈரப்பதம் 15 சதவிகிதம் எனக் கொள்வோம். ஒரு கன மீட்டரில் 7.7 கிராம் நீராவி உள்ளது. இக்காற்றை ஒரு பெட்டியில் அடைத்து 18 டிகிரிக்குக் குளிர்வித்தால், துளி நீரும் சேர்க்காமலே அதன் ஒப்பு ஈரப்பதம் ஏறக்குறைய 50 சதவிகிதமாகிவிடும். கல்கத்தாவில் ஜூலை மாதக் காற்று 30 டிகிரியில் 80 சதவிகிதம் எனக் கொண்டால், அதில் 24.3 கிராம் நீராவி உண்டு. 18 டிகிரியில் 15.4 கிராமுக்கு மேல் இடமில்லை. ஆகவே எஞ்சியது நீராகப் படிந்தே தீரும். காற்றைக் குளிர்விக்கும்போது நீராவி எந்த உஷ்ணநிலையில் நீராகப் படியத் தொடங்குகிறதோ அதுவே அக்காற்றின் பனிநிலை.

சுருட்டு வேண்டும் நிலை

சுருட்டு மூன்று பகுதிகளால் ஆனது. உள்ளே மடித்து வைக்கப்பட்ட இலைகள், அவற்றைச் சுற்றிக் கட்டும் இலை, எல்லாவற்றிற்கும் வெளியே மெல்லிய மேலிலை. இவை வெவ்வேறு தடிப்புள்ளவை. ஆதலால் ஈரத்தை ஏற்கும் வேகமும் வேறுபடும். உள்ளிலை ஈரம் ஏற்று விரிய, மேலிலை வறண்டு சுருங்கினால், மேலிலை நெடுக வெடிக்கும். நம் நாட்டிலும் இவ்விலைகளைப் பற்றிய ஆராய்ச்சி நடைபெற்றிருக்கிறது. சுருட்டுப் புகையிலைக்கென வேடசந்தூரில் 1948-இல் ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. மேலிலைப் புகையிலைக்கென மேற்கு வங்கத்துத் தினஹாட்டாவில் மற்றொரு நிலையம் அமைந்தது.

கியூபா நாட்டுச் சுருட்டுத் தொழிலில் 16 முதல் 18 டிகிரி உஷ்ணநிலையும், 65 முதல் 70 சதவிகித ஒப்பு ஈரப்பதமும் ஏற்றவையெனக் கொள்ளப்படுகின்றன. ஈரம் 60-க்குக் கீழ் நெடுநாள் இருந்தால் இலை நொறுங்கும். மணம் தரும் எண்ணெய்கள் குறையும். 75-ஐத் தாண்டினாற் பூசணம் விரைந்து வளரும். உஷ்ணநிலைக்கும் ஓர் எல்லை உண்டு. புகையிலையை உண்ணும் சிறு வண்டு 20 டிகிரிக்கு மேல் வளரத் தொடங்குகிறது. 30 டிகிரியை ஒட்டிய வெப்பமும் மிகுந்த ஈரமும் அதற்கு மிக உகந்தவை. மரப் பேழை ஈரத்தை மட்டும் காக்கவல்லது. வெப்பத்தைத் தடுக்க அதற்கு ஆற்றலில்லை. வெப்ப நாடுகளிற் குளிர்பெட்டி நாடப்பட்டதற்கு இதுவே காரணம்.

பெட்டியினுள் நடைபெறும் போட்டி

இவ்வகைக் குளிர்பெட்டிகள் இரு வகைப்படும். ஒன்று, வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைப் போலக் கம்ப்ரசர் கொண்டது. மற்றொன்று, மின்னோட்டத்தால் நேரே குளிரும் தகடு கொண்டது. இரு வேறு உலோகங்களின் இணைப்பில் மின்னோட்டம் பாய்ந்தால் ஓர் இணைப்புக் குளிர்வதும் மற்றொன்று சூடாவதும் உண்டு என்பதை 1834-இல் பிரெஞ்சு நாட்டவரான பெல்டியே கண்டறிந்தார். அவர் முன்பு கடிகாரத் தொழில் செய்தவர். இந்த விளைவையே இரண்டாம் வகைப் பெட்டி பயன்படுத்துகிறது. இன்று உலோகங்களுக்குப் பதிலாகக் குறைகடத்திகள் பயன்படுகின்றன. இத்தகடு அதிர்வும் ஓசையுமின்றி வேலை செய்யும். ஆனால் அதன் ஆற்றல் சிறிது. சாதாரணச் சிறு பெட்டி அறையின் உஷ்ணநிலையிலிருந்து 10 முதல் 15 டிகிரி வரை மட்டுமே குறைக்கவல்லது. 40 டிகிரி வெப்பமுள்ள அறையில் இதனால் 18 டிகிரியை எட்டவே இயலாது.

எவ்வகையாயினும், பெட்டியின் காற்றைக் குளிர்விக்கும் தகடு அக்காற்றைவிடக் குளிர்ந்தே இருத்தல் வேண்டும். இங்கேதான் இடர்ப்பாடு தோன்றுகிறது. 18 டிகிரியில் 65 சதவிகித ஒப்பு ஈரப்பதமுள்ள காற்றின் பனிநிலை ஏறத்தாழ 11 டிகிரி. தகட்டின் உஷ்ணநிலை இதற்குக் கீழே சென்றால் உடனே அதன்மேல் நீர் படியும். படிந்த நீர் வழிந்து, பின்புறமுள்ள வடிகால் துளை வழியே வெளியேறிவிடும். மதுப் புட்டிகளுக்கு இதனால் இழப்பில்லை; புட்டி அடைக்கப்பட்டிருக்கிறது. சுருட்டோ திறந்த பொருள். தகட்டில் வடியும் ஒவ்வொரு துளியும் முடிவிற் சுருட்டிலிருந்தே வருகிறது.

இவ்வாறு பெட்டியினுள் இரண்டு ஆற்றல்கள் எதிரெதிராக வேலை செய்கின்றன. குளிர்த் தகடு நீரை இடைவிடாது வெளியே எடுக்கிறது. ஈரம் தரும் பொருள் நீரை உள்ளே விடுகிறது. ஈரத்தை மிகுதியாக விடுவதால் இப்போட்டியில் வெற்றி கிட்டாது. எவ்வளவு ஈரம் சேர்கிறதோ அவ்வளவுக்குப் பனிநிலை உயர்கிறது. தகட்டிற் படியும் நீரும் மிகுகிறது. தகட்டின் வேலையைக் குறைப்பதே சரியான வழி.

நீரின் கணக்கு

50 லிட்டர் கொள்ளளவுள்ள பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 18 டிகிரியில் 65 சதவிகித ஈரப்பதமுள்ள காற்று அதனுள் இருந்தால், அக்காற்றிலுள்ள நீராவி முழுவதும் அரை கிராம்தான். அதே பெட்டியில் 10 கிராம் எடையுள்ள 100 சுருட்டுகள் இருப்பின், மொத்த எடை ஒரு கிலோகிராம். அதில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு நீர். அதாவது சுமார் 120 கிராம். காற்றில் உள்ளதைப்போல 240 மடங்கு நீர் சுருட்டுகளில் இருக்கிறது.

இக்கணக்கிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன.

முதலாவது, கதவைச் சிறிது நேரம் திறப்பதால் நேரும் இழப்பு மிகச் சிறியது. தில்லிக் கோடைக் காற்று பெட்டியை முழுவதும் நிரப்பினும், உள்ளிருந்த அரை கிராமுக்குப் பதிலாக 0.4 கிராம் நீராவி வந்து சேர்கிறது. இந்த வேறுபாட்டைச் சுருட்டுகளே எளிதில் ஈடு செய்துவிடும். திறந்தவுடன் ஈரமானி காட்டும் குறைந்த அளவைக் கண்டு அஞ்சி நீர் சேர்ப்பது தவறு. சில மணி நேரம் பொறுத்துப் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது, வடிகால் வழியே நாள்தோறும் நேரும் இழப்பு சிறியதாகத் தோன்றினும் கொடியது. ஒரு தேக்கரண்டி அளவு, அதாவது 5 கன சென்டிமீட்டர் நீர், நாள்தோறும் வெளியேறுவதாகக் கொள்வோம். ஒரு வாரத்தில் 35 கிராம் போய்விடும். சுருட்டுகளிலிருந்த நீரில் கால் பங்கிற்கு மேல் இழந்தாயிற்று. மேலிலை வெடிப்பதற்கு இது போதும். ஆதலின் பெட்டியை ஆராய்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘ஈரமானி எவ்வளவு காட்டுகிறது?’ என்பதன்று, ‘நாள் ஒன்றுக்கு எவ்வளவு நீர் வடிகிறது?’ என்பதே. வடியும் நீரை ஓர் அளவுக் குழாயிற் பிடித்து ஏழு நாள் குறித்துவந்தால் பெட்டியின் நிலை தெளிவாகும்.

ஈரத்தை நிலைநிறுத்தும் பொருள்கள்

கிண்ணத்திலுள்ள வெறும் நீர், தன் மேலுள்ள காற்றைத் தெவிட்டும் வரை ஆவியாகிக்கொண்டே இருக்கும். அது ஈரத்தைக் கொடுக்கும், திரும்பப் பெறாது. நனைந்த பஞ்சும் அத்தகையதே. வேண்டுவது, குறைந்தபோது கொடுத்து மிகுந்தபோது எடுத்துக்கொள்ளும் பொருள்.

தெவிட்டிய உப்புக் கரைசல் இத்தகையது. நீரில் உப்புக் கரைந்திருக்கும்போது நீரின் ஆவியழுத்தம் குறைகிறது. கரையாத உப்பும் கரைசலும் ஒருசேர இருக்கும் வரை கரைசலின் செறிவு மாறாது. எனவே அதன் மேலுள்ள காற்றின் ஒப்பு ஈரப்பதமும் மாறாது. காற்று வறண்டால் கரைசலிலிருந்து நீர் ஆவியாகிச் சிறிது உப்புப் படியும். காற்று ஈரமானால் நீராவி கரைசலிற் சேர்ந்து சிறிது உப்புக் கரையும். ஒவ்வோர் உப்பிற்கும் அதற்கே உரிய எண் ஒன்று உண்டு. 20 முதல் 25 டிகிரி வரையில் மக்னீசியம் குளோரைடு ஏறக்குறைய 33, மக்னீசியம் நைட்ரேட்டு 53 முதல் 54, சோடியம் புரோமைடு 58 முதல் 59, பொட்டாசியம் அயோடைடு 69 முதல் 70, சோடியம் குளோரைடு 75, பொட்டாசியம் குளோரைடு 84 முதல் 85 சதவிகிதம்.

உப்புச் சாடி கசிவதன் காரணமும் இதனால் விளங்கும். காற்றின் ஈரப்பதம் 75-ஐத் தாண்டியபோது சமையலுப்பு நீரை ஈர்த்துக் கரையத் தொடங்குகிறது. தூய்மையற்ற கல்லுப்பில் மக்னீசியம் குளோரைடு கலந்திருப்பதால், அது இன்னும் முன்னதாகவே கசியும்.

சமையலுப்பின் 75 சதவிகிதம் சுருட்டுக்கு மிகை. கடைகளில் 65 அல்லது 69 சதவிகிதத்திற்கென்று விற்கப்படும் பைகளில், தகுந்த உப்புக் கரைசல் நீராவி மட்டும் ஊடுருவும் உறையில் அடைக்கப்பட்டிருக்கிறது. ஈரம் ஏற்கவும் விடவும் வல்ல சிலிக்கா மணிகளும் பயன்படுகின்றன. திறந்த கிண்ணத்தில் உப்புக் கரைசலை வைப்பது நன்றன்று. உப்பு விளிம்பின் மேலேறிப் பரவும், உலோகத்தை அரிக்கும். மணிகளை நனைக்கக் காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்த வேண்டும். குழாய் நீரிலுள்ள தாதுப்பொருள்கள் நாளடைவில் அவற்றின் நுண்துளைகளை அடைத்துவிடும்.

மாற்றியமைக்கும் முறை

1. பெட்டியை நிறுத்தும் இடம்: வெயில் படாத, காற்றோட்டமுள்ள, இயன்றால் குளிர்விக்கப்பட்ட அறையில் வைக்க வேண்டும். பின்புறத்து உலோக இதழ்களின் வழியே வெப்பம் வெளியேறப் போதிய இடைவெளி விடுதல் அவசியம். அங்கே வெப்பம் தேங்கினால் உள்ளே தகடு ஓயாமல் வேலை செய்யும், நீர்ப்படிவும் மிகும்.

2. வாடை நீக்குதல்: புதுப் பெட்டியின் பிளாஸ்டிக் வாடையைப் புகையிலை எளிதில் ஏற்கும். வெதுவெதுப்பான நீரில் சமையல் சோடாவைக் கரைத்து உட்புறத்தைத் துடைத்து, சில நாள்கள் கதவைத் திறந்து வைக்க வேண்டும். கசக்கிய செய்தித்தாளும் மரக்கரியும் எஞ்சிய வாடையை உறிஞ்சும்.

3. கதவின் இறுக்கம்: ரப்பர் விளிம்பில் ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பார்க்க வேண்டும். தடையின்றி வருமானால் அங்கே காற்று நுழைகிறது என்பது பொருள். நான்கு பக்கமும் இவ்வாறே சோதிக்கலாம்.

4. வடிகால் துளை: இதனை அடைத்துவிடலாம். அடைத்தபின் நீர் தேங்குமாயின் உள்ளேயே ஒரு சிறு கிண்ணத்தில் விழச்செய்து நாள்தோறும் அளக்கலாம். அந்நீரை மணிகளின்மேல் திரும்பத் தெளிக்கலாம்.

5. மரத் தட்டுகள்: கம்பித் தட்டுகளுக்குப் பதிலாக, மெருகு பூசாத மரத் தட்டுகளை அமைப்பது நன்று. ஸ்பானிய சீடர் எனப்படும் செட்ரெலா மரம் இதற்கு வழக்கமாகப் பயன்படுகிறது. பெயரில் சீடர் இருப்பினும் அது ஊசியிலை மரமன்று; வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. வட இந்தியாவில் தூன் என்று வழங்கும் மரம் அதற்கு நெருங்கிய உறவு. மரமும் ஈரம் கவரும் பொருளாதலின், முதலில் அதற்கு ஈரம் ஊட்ட வேண்டும். நனைத்தால் பலகை கோணும். மூடிய பெட்டியில் சில நாள்கள் மணிகளுடன் வைத்து மெதுவாக ஏற்கச் செய்தல் வேண்டும். தட்டுகளுக்கும் பெட்டியின் சுவருக்கும் இடையே காற்றுச் செல்ல வழி விட வேண்டும். குளிர்த் தகட்டை எந்தச் சுருட்டும் தொடலாகாது.

6. சிறு விசிறி: மூடிய பெட்டியிற் குளிர்ந்த காற்று கீழே தங்கும். மேலே 20 டிகிரியும் கீழே 16 டிகிரியும் இருந்து, நீராவியின் அழுத்தம் எங்கும் ஒன்றாயிருப்பின், நடுவில் 65 சதவிகிதம் உள்ளபோது மேலே 57 சதவிகிதமும் கீழே 74 சதவிகிதமும் இருக்கும். ஒரே பெட்டியில் காய்ச்சலும் பூசணமும் ஒருங்கே தோன்றுவதன் மறைபொருள் இதுதான். காற்றை மெல்ல நகர்த்தும் சிறு விசிறி ஒன்று இவ்வேறுபாட்டை நீக்கும். தகட்டின்மேல் காற்று ஓடுவதால் தகடு மிகக் குளிர்வதும் தவிர்க்கப்படுகிறது.

7. உஷ்ணநிலையை அமைத்தல்: மதுவுக்கு வைக்கும் 12 டிகிரி சுருட்டுக்குத் தேவையில்லை. 18 டிகிரியில் அமைத்தால் போதும். இரவில் அறை தானே குளிர்ந்திருக்கும் மாதங்களில் பெட்டியை நிறுத்தி வைக்கலாம். அப்போது விசிறி மட்டும் ஓடட்டும்.

8. முன்னோட்டம்: சுருட்டின்றி ஒரு வாரம் பெட்டியை இயக்கிப் பார்க்க வேண்டும். வெறும் பெட்டியில் ஈரமானியின் முள் மிகுதியாக அலையும். காற்றிலுள்ள அரை கிராம் நீருக்குத் துணை வேறில்லாததே காரணம். பொருள் நிறைந்தபின் அலைவு தானே அடங்கும்.

ஈரமானியைச் சரிபார்த்தல்

1783-இல் சுவிட்சர்லாந்து நாட்டுச் சோசூர் தம் மயிரிழை ஈரமானியை வெளியிட்டார். ஈரத்தில் மயிர் நீளும் என்பதே அதன் அடிப்படை. இன்று பெரிதும் வழங்குபவை மின் ஈரமானிகள். நீராவியை ஏற்கும் மெல்லிய படலத்தின் மின்தேக்கும் திறன் மாறுவதை அவை அளக்கின்றன. புதிய கருவியாயினும் 5 சதவிகிதம் வரை பிழைபடுவது அரிதன்று. 65-க்கும் 70-க்கும் இடையே நிற்க வேண்டிய இடத்தில் அப்பிழை பொறுக்கத்தக்கதன்று.

சரிபார்க்கும் வழி மிக எளிது. ஒரு புட்டி மூடியில் சமையலுப்பை இட்டு, ஈர மணல் போலாகும் வரை சில துளி நீர் விட வேண்டும். உப்பு முழுவதும் கரைந்துவிடலாகாது. அம்மூடியையும் ஈரமானியையும் இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, உஷ்ணநிலை மாறாத இடத்தில் ஒரு நாள் விட்டால், கருவி 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் அதன் அளவுகளுடன் 4 சேர்த்துக்கொள்ள வேண்டும். மழையிற் கசிந்து இல்லத்தார்க்குத் தொல்லை தரும் உப்பே இங்கு நம்பத்தக்க அளவுகோலாகிறது.

குறைகளும் பரிகாரமும்

ஈரம் குறைந்துகொண்டே போவதும் வடிகால் நீர் மிகுவதும் ஒருங்கே காணப்பட்டால், தகடு மிகக் குளிர்கிறது. உஷ்ணநிலையை ஓரிரு டிகிரி உயர்த்துவதும், அறையைக் குளிர்விப்பதும், விசிறியைச் சரிபார்ப்பதும் பரிகாரம். நீர் சேர்ப்பது பரிகாரமன்று.

ஈரம் குறைந்து, வடிகால் நீரும் இல்லையெனில், கதவின் விளிம்பு கசிகிறது. அல்லது மரம் இன்னும் ஈரம் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

ஈரம் மிகுந்து சுவரில் துளிகள் காணப்பட்டால், மழைக்காலத்து வெளிக்காற்று நுழைகிறது. அல்லது வெறும் நீர் எங்கோ உள்ளது. அதை அகற்றி, பாதி உலர்ந்த மணிகளை வைக்க வேண்டும்.

பூசணம் கண்டால் அச்சுருட்டுகளைப் பிரித்து, பெட்டியைத் துடைத்து உலர்த்தி, ஈரப்பதத்தை 65-க்குக் கொணர வேண்டும்.

மேலிலையில் குண்டூசி நுழையுமளவு வட்டத் துளைகள் காணப்பட்டால் அது வண்டின் வேலை. லேசியோடெர்மா செர்ரிகார்னி எனப்படும் இவ்வண்டு 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளமும், செம்பழுப்பு நிறமும், கீழே வளைந்த தலையும் உடையது. புகையிலையுடன் நில்லாது மஞ்சள், கொத்தமல்லி முதலிய சரக்குகளையும் இது தாக்குவதை வேளாண்மைக் களப் பணியாளர்கள் நன்கறிவர். சேதமுற்றவற்றை நீக்கி, எஞ்சியவற்றைக் காற்றுப் புகாத பையில் அடைத்து, பூஜ்யத்திற்குக் கீழ் 20 டிகிரியில் பல நாள்கள் வைத்தால் முட்டை உள்ளிட்ட எல்லாப் பருவங்களும் அழியும். பின்னர் ஒரு நாள் சாதாரணக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, அதன் பிறகே பழைய இடத்திற்கு மாற்ற வேண்டும். திடீர் மாற்றத்தால் மேலிலை வெடிப்பதை இது தடுக்கும்.

வெளியே எடுக்கும்போது ஒரு முன்னெச்சரிக்கை தேவை. 30 டிகிரியில் 80 சதவிகித ஈரமுள்ள அறைக் காற்றின் பனிநிலை 26 டிகிரி. 18 டிகிரியிலுள்ள எப்பொருளை அக்காற்றிற் காட்டினும் அதன்மேல் நீர் படியும். மூடிய உறையிலேயே வைத்து, அறையின் வெப்பத்தை அடைந்தபின் திறப்பதே முறை.

களத்திலும் வகுப்பிலும்

களப் பணியாளர்க்கு இவையனைத்தும் விதையைப் பற்றிய பாடமே. விதையின் ஈரத்தில் ஒரு சதவிகிதம் குறைந்தால் அதன் வாழ்நாள் இரு மடங்காகும் என்றும், உஷ்ணநிலையில் 5 டிகிரி குறைந்தால் மீண்டும் இரு மடங்காகும் என்றும் ஹாரிங்டன் வகுத்த பொதுவிதி கூறுகிறது. 5 முதல் 14 சதவிகிதம் வரை ஈரமுள்ள விதைகளுக்கே முதல் விதி பொருந்தும். உலர்த்தினால் இறந்துபோகும் பலா, மா போன்றவற்றின் விதைகளுக்குப் பொருந்தாது. தில்லியிலுள்ள தேசிய மரபணு வங்கியில் நன்கு உலர்த்திய விதைகள் காற்றுப் புகாத உறைகளில் அடைக்கப்பட்டு, பூஜ்யத்திற்குக் கீழ் 18 டிகிரியில் வைக்கப்படுகின்றன. உலர்த்துதலும் அடைத்தலும் முதலில். குளிர்வித்தல் அதன் பின். இவ்வொழுங்கை மறந்து, துணிப்பையிலுள்ள விதையைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பவர், அதனை ஈரக் காற்றில் வைப்பவரே ஆவர். அவ்விதையைக் குளிர்ச்சி மாறுமுன் திறந்து விதைப்பு நாள் வரை வைத்திருந்தால், படிந்த நீரால் முளைப்புத் திறன் கெடும். இழப்பு, நம்பி வாங்கிய உழவருக்கே.

ஆசிரியர்கள் இச்சோதனையைப் பள்ளியில் செய்துகாட்டப் புகையிலையைப் பயன்படுத்தலாகாது. 18 வயதுக்குட்பட்டோர்க்குப் புகையிலைப் பொருள் விற்பதையும், கல்வி நிலையங்களிலிருந்து 100 கெஜத் தொலைவுக்குள் விற்பதையும் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. மரச்சீவலோ அவரை விதையோ போதும். மூன்று கண்ணாடிப் புட்டிகளில் முறையே வெறும் நீர், ஈரச் சமையலுப்பு, சிலிக்கா மணிகள் ஆகியவற்றை வைத்து, ஒவ்வொன்றிலும் எடையிட்ட மரச்சீவலை நூலிற் கட்டித் தொங்கவிட்டு மூட வேண்டும். ஒரு வாரம் நாள்தோறும் எடையிட்டு வரைபடம் தீட்டினால், முதற் புட்டியில் எடை ஏறிக்கொண்டே போவதையும், இரண்டாவதில் ஓரிடத்தில் நின்றுவிடுவதையும், மூன்றாவதில் குறைவதையும் மாணவர் கண்ணாரக் காண்பர்.

பயிற்சி வினாக்கள்

1. 25 டிகிரியில் 60 சதவிகித ஈரப்பதமுள்ள காற்றின் ஒரு கன மீட்டரில் எத்தனை கிராம் நீராவி உள்ளது? அதனை 15 டிகிரிக்குக் குளிர்வித்தால் நீர் படியுமா?

2. 50 லிட்டர் பெட்டியில் 40 சுருட்டுகள் மட்டும் உள்ளன. நாள்தோறும் 3 கன சென்டிமீட்டர் நீர் வடிகிறது. நூறு சுருட்டுகள் உள்ள பெட்டியைவிட இது விரைவிற் கெடுமா? கணக்கிட்டுக் கூறுக.

3. நீர்க் கிண்ணத்திற்கும் தெவிட்டிய உப்புக் கரைசலுக்கும் உள்ள வேறுபாடு யாது?

4. உப்புச் சோதனையில் ஈரமானி 79 காட்டுகிறது. பின்னர் அது விதைப் பெட்டியில் 44 காட்டினால் உண்மையான ஈரப்பதம் ஏறக்குறைய எவ்வளவு?

5. குளிர்ந்த அறையிலிருந்து வெளியே கொணர்ந்த நுண்ணோக்கியின் வில்லை மங்குவதேன்? அதைத் தவிர்ப்பது எவ்வாறு?